தக்காளிக்கு எந்த வேர்? மூன்று பருவங்களின் ஒட்டுக்கட்டல் பதிவு

காலையில் நிமிர்ந்து நின்ற செடி நண்பகலில் தலையைத் தொங்கவிட்டது. மாலையில் மீண்டும் எழுந்தது. வெயிலின் வேலை என்று நினைத்துத் தண்ணீர் விட்டேன். மூன்றாம் நாள் அது எழவே இல்லை. இலை மஞ்சளாகவில்லை, புள்ளி விழவில்லை. பச்சை மாறாமலே செத்துப்போனது. அடுத்த மூன்று வாரங்களில் 60 தக்காளிச் செடிகளில் 41 செடிகள் அதே வழியில் போயின. பூவும் பிஞ்சுமாக நின்ற செடிகள் அவை. ஒவ்வொரு காலையும் பாத்திக்குள் போகவே மனம் வரவில்லை.

செத்த செடிகளைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரெங்கும் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தது. வேர்முடிச்சு நூற்புழு, மண்ணில் இருந்து வேரைத் தாக்கும் நுண்ணிய புழு. அந்த அடையாளத்தில் ஐயமே இல்லை. ஆகவே கொன்றதும் நூற்புழுதான் என்று முடிவு கட்டினேன். அந்த அவசர முடிவு எனக்கு இன்னொரு பருவத்தையும் இழக்கவைத்தது. இந்தப் பதிவை எழுதுவதற்கு முதல் காரணமும் அதுதான்.

அடுத்த பருவத்துக்கு ஒட்டுச்செடி கட்டுவது என்று இறங்கினேன். வேரைத் தருவது வேர்ச்செடி, காயைத் தரும் மேல்பகுதி ஒட்டுத்தண்டு. நூற்புழுவைத் தாங்கும் வேர்ச்செடி எது என்று தேடியபோது முதலில் கண்ணில் பட்டது, பயிர்த் தக்காளியோடு சொலானம் ஹாப்ரோகெய்ட்டிஸ் என்ற காட்டுத் தக்காளியைக் கலந்து உருவாக்கிய கலப்பினம். பசுமைக்குடில்களில் ஆண்டின் பெரும்பகுதி ஒரே செடியில் காய் பறிப்பவர்கள் நம்பிப் பயன்படுத்தும் வகை அது. வேர் அசுர வேகத்தில் ஓடும்; ஒரு வேருக்கு இரண்டு தண்டுகள் விட்டு வளர்த்தாலும் தாங்கும். புசேரியம், வெர்டிசிலியம் என்ற பூஞ்சைகளால் வரும் வாடல்கள், நூற்புழு என்று எதிர்ப்புப் பட்டியலும் நீளமாக இருந்தது. அந்தப் பட்டியலில் எது இல்லை என்று நான் பார்க்கவில்லை.

30 ஒட்டுச்செடிகள் நட்டேன். முதல் 40 நாள் அவற்றைப் பார்க்கக் கண்கொள்ளாத வளர்த்தி. அதன் பிறகு 22 செடிகள், முந்தைய பருவத்தைப் போலவே, பச்சை மாறாமல் சாய்ந்தன.

அப்போதுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். வாடத் தொடங்கிய செடியில் தரையை ஒட்டிய தண்டை விரல் நீளத்துக்கு வெட்டி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் வெட்டுமுகம் மட்டும் மூழ்கும்படி தொங்கவிட்டேன். தண்ணீரை அசைக்கவில்லை. குவளைக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணி. இரண்டு மூன்று நிமிடங்களில் வெட்டுமுகத்திலிருந்து பால் போன்ற வெள்ளை இழை மெல்லக் கீழே இறங்கியது. புகை தலைகீழாக இறங்குவது போல் இருந்தது. ரால்ஸ்டோனியா சொலனேசியாரம் என்ற பாக்டீரியாதான் அது. தண்டின் நீர்க்குழாய்களுக்குள் பெருகி, தண்ணீர் மேலே ஏறாமல் அடைத்துவிடும். பாக்டீரியா வாடல் என்பது இதைத்தான். புசேரியம் வாடலில் இந்த வெள்ளை இழை வராது. அதில் அடி இலைகள் மஞ்சளாகும், பெரும்பாலும் செடியின் ஒரு பக்கம் முதலில் மஞ்சளாகும், தண்டைக் கீறினால் உள்ளே பழுப்புக் கோடு தெரியும், மெல்ல மெல்லத்தான் செடி சாகும்.

நூற்புழு குற்றமற்றது என்றும் சொல்ல முடியாது. அது வேரில் போடும் ஓட்டை வழியாகத்தான் பாக்டீரியா எளிதாக நுழைகிறது. ஆனால் கொன்ற கை வேறு. நான் வாங்கிய கலப்பினத்துக்குப் பாக்டீரியா வாடலைத் தாங்கும் திறன் கிடையாது. நூற்புழு எதிர்ப்பும் சூட்டில் கைவிட்டது: பிடுங்கிய கலப்பின வேர்களிலும் முடிச்சுகள் இருந்தன. தக்காளியில் நூற்புழுவைத் தடுக்கும் எம்ஐ என்ற மரபணு, மண்ணின் வெப்பம் 28 டிகிரி செல்சியசுக்கு மேல் போனால் செயலிழக்கத் தொடங்கும். என் பாத்தியில் வெப்பமானியைச் செருகிப் பார்த்தபோது பிற்பகலில் 31 காட்டியது. குளிர்ந்த பசுமைக்குடிலில் நூற்றுக்கு நூறு உண்மையாக இருக்கும் ஒரு வாக்குறுதி, சுடும் மண்ணில் பொய்த்துப்போகும்.

மூன்றாம் பருவத்தில் வீரியம், விளைச்சல் என்ற சொற்களையெல்லாம் ஒதுக்கி வைத்தேன். என் மண்ணில் கொல்வது பாக்டீரியா, கூட நூற்புழு, மழைக்காலத்தில் பாத்தியில் தண்ணீர் தேங்கும். இந்த மூன்றையும் தாங்கும் வேர் வேண்டும். காய்கறியில் ஒட்டுக்கட்டும் வழக்கமே இந்த நெருக்கடியில் பிறந்ததுதான். ஜப்பானில் 1920களில் தர்பூசணியில் தொடங்கி, 1950களில் கத்தரிக்கும் 1960களில் தக்காளிக்கும் இந்த முறை வந்தது. ஒரே நிலத்தில் ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப வைத்ததால் மண்ணில் நோய் குடியேறியதுதான் காரணம். அவர்கள் தேடியது நோயைத் தாங்கும் வேரை. நானும் அந்த இடத்துக்கே வந்து சேர்ந்தேன்.

மூன்று வேர்களைத் தேர்ந்தெடுத்தேன். முதலாவது ஹவாய் 7996 என்ற தக்காளி வகை. காய் சிறியது, விற்பனைக்கு ஆகாது. ஆனால் பாக்டீரியா வாடலைத் தாங்குவதில் பல நாடுகளில் சோதித்துப் பேரெடுத்தது. தக்காளி மேல் தக்காளி என்பதால் ஒட்டு பிடிப்பதிலும் சிக்கல் இல்லை. இரண்டாவது இஜி 203 என்ற கத்தரி. தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம், வெப்பமும் மழையும் சேர்ந்த பருவத்தில் தக்காளி வளர்ப்பதற்கென்று பரிந்துரைக்கும் கத்தரி வேர்ச்செடிகளில் இதுவும் இஜி 195-உம் முக்கியமானவை. வாடலையும் நூற்புழுவையும் தாங்கும். அதற்கும் மேலாக, தண்ணீர் தேங்கினாலும் தாங்கும். மூன்றாவது, வேலியோரம் தானாக வளரும் சுண்டை. பாக்டீரியா வாடல், வெர்டிசிலியம், நூற்புழு மூன்றுக்கும் ஈடுகொடுக்கும் கெட்டியான செடி. கூடவே அதே தக்காளியை அதே தக்காளியின் மேல் கட்டிய செடிகளும், ஒட்டே கட்டாத செடிகளும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக.

விதைப்பு நாள்தான் அடுத்த தலைவலி. வேர்ச்செடியைப் பற்றிப் பேசுபவர்கள் நோய் எதிர்ப்பைச் சொல்வார்கள். அதன் தண்டு எப்போது ஒட்டுத்தண்டின் பருமனுக்கு வரும் என்பதைச் சொல்வதில்லை. இரண்டு தண்டுகளும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் பருமனில் ஒரே நாளில் நிற்க வேண்டும். ஹவாய் 7996-ஐ ஒட்டுத்தண்டுக்கான தக்காளியோடு அதே நாளில் விதைத்தேன். கத்தரி மெல்ல வளரும். அதை மூன்று நான்கு நாள் முன்னதாக விதைத்தால் போதும் என்று படித்திருந்தேன், என் குழித்தட்டில் ஆறு நாள் தேவைப்பட்டது. சுண்டை முழுக்க வேறு கணக்கு. விதை உறக்கம் கலையாமல் வாரக்கணக்கில் கிடக்கும், முளைப்பதும் ஒன்று இன்று, ஒன்று பத்து நாள் கழித்து. விதை உறக்கத்தைக் கலைக்கும் ஜிப்ரலிக் அமிலத்தைச் சில துளி ஆல்கஹாலில் கரைத்து, ஒரு லிட்டர் நீருக்கு 500 மில்லிகிராம் என்ற அளவில் கலந்து, அதில் ஒரு நாள் முழுதும் ஊறவைத்து விதைத்தேன். அப்படியும் தக்காளிக்கு 35 நாள் முந்தி விதைத்ததுதான் சரியாக வந்தது. தக்காளியை மட்டும் நான்கு நாள் இடைவெளியில் மூன்று தவணையாக விதைத்து வைத்தேன். எந்த வேர்ச்செடி எப்போது தயாரானாலும் அதற்குப் பொருத்தமான பருமனில் ஒரு தட்டு கையில் இருந்தது. இனி இதை ஒருபோதும் விடமாட்டேன்.

ஒட்டுக்கட்டும் நாளுக்கு முந்தைய மாலை வேர்ச்செடிகளுக்குத் தண்ணீரைக் குறைத்தேன். நனைந்த வேர் சாற்றை மேலே தள்ளும். வெட்டுமுகத்தில் நீர் ஊறி ஒட்டுத்தண்டை மிதக்கவைத்துவிடும். புதிய பிளேடு, 70 சதவீத ஆல்கஹால், நன்றாகக் கழுவிய கை. புகையிலை தொட்ட கையோடு இந்த வேலைக்கு உட்காரவே கூடாது. தக்காளியைத் தாக்கும் தேமல் வைரஸ் அந்த வழியில் வரும். தக்காளி வேர்ச்செடியை விதையிலைகளுக்குக் கீழே சாய்வாக வெட்டினேன். விதையிலையின் கக்கத்தில் மொட்டு இருக்கிறது. அதை விட்டுவைத்தால் பிறகு வேர்ச்செடியே தளிர்விட்டு மேல்தண்டைப் பட்டினி போடும். கத்தரியின் அடித்தண்டு குட்டை என்பதால் அதை விதையிலைக்கு மேலே வெட்டி, மொட்டுகளைப் பிறகு கிள்ளினேன். அதே சாய்வில் ஒட்டுத்தண்டையும் வெட்டி, சிலிகான் கிளிப்புக்குள் இரண்டு முகமும் முழுதாகப் படியும்படி செருகினேன். வெட்டுமுகத்தை விரலால் தொடக் கூடாது, காயவும் விடக் கூடாது. வெட்டியதிலிருந்து கிளிப் மாட்டும் வரை ஒரு மூச்சில் முடிய வேண்டும்.

பாலித்தீன் கூடாரத்துக்குள் முதல் இரண்டு நாள் இருட்டு, உள்ளே ஈரப்பதம் 95 சதவீதத்தை ஒட்டி, வெப்பம் 26 முதல் 28 டிகிரி. மூன்றாம் நாள் மங்கலான வெளிச்சம். ஐந்தாம் நாள் முதல் பாலித்தீனை நாளுக்குக் கொஞ்சம் விலக்கி, ஒன்பதாம் நாள் வெளியே எடுத்தேன். இலைமேல் நேராகத் தண்ணீர் தெளிக்காமல் கூடாரத்தின் தரையையும் சுவரையும் நனைத்தேன். ஒட்டுமுகத்தில் நீர் தேங்கினால் அழுகும்.

ஒவ்வொரு வகையிலும் 24 கட்டினேன். ஹவாய் 7996-இல் 22 பிடித்தன. தன் வேரிலேயே கட்டிய தக்காளியில் 21. இஜி 203-இல் 19. சுண்டையில் 14.

சுண்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் முதலில் தேடிப்போவது அதைத்தான். தக்காளி அதன்மேல் ஒட்டும். ஆனால் ஒட்டுவது வேறு, ஒத்துப்போவது வேறு. பிடித்த 14 செடிகளும் நட்ட ஒரு மாதத்தில் மற்றவற்றைவிடக் குட்டையாக, வெளிறிய இலைகளோடு நின்றன. ஒட்டுக்கு மேலே தண்டு பருத்து, கீழே ஒல்லியாக இருந்தது. காற்றடித்த ஒரு நாளில் மூன்று செடிகள் ஒட்டுமுகத்திலேயே நறுக்கென்று முறிந்தன. ஒரு செடிகூட வாடல் நோயால் சாகவில்லை என்பதும் உண்மை. வேர் உறுதியானது, உறவுதான் பலவீனம். மீதமிருந்த சுண்டை நாற்றுகளில் கத்தரியைக் கட்டினேன். 12-இல் 11 பிடித்தன, ஒட்டுமுகம் எங்கே என்று தேட வேண்டிய அளவுக்குக் கூடிப்போயின. கத்தரி வளர்ப்பவர்களிடம் சுண்டைக்கு இருக்கும் மதிப்பு நியாயமானது. அதே மதிப்பைத் தக்காளிக்கு அப்படியே மாற்றிக்கொள்ளக் கூடாது.

நட்ட இரண்டாம் மாதம் விடாமல் பெய்த மழையில் பாத்தியின் தாழ்ந்த பாதி ஒன்றரை நாள் தண்ணீரில் நின்றது. வடிந்த பிறகு கணக்கெடுத்தேன். ஒட்டில்லாத செடிகளும் தன் வேரில் கட்டியவையும் சேர்ந்து 24 இருந்தன. இரண்டு வாரத்தில் 21 செத்தன. குவளையில் வெள்ளை இழை ஓடியது. வெறும் ஒட்டுக்கட்டுதல் எதையும் காப்பதில்லை, காப்பது வேர்தான் என்பதற்கு தன் வேரில் கட்டிய அந்தச் செடிகள் சாட்சி. ஹவாய் 7996 வேரில் நின்ற 18-இல் 6 செத்தன. ஆறும் தாழ்ந்த பாதியில் இருந்தவை. அவற்றின் தண்டைக் குவளையில் தொங்கவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தேன். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. வேர் மட்டும் பழுப்பாகிக் கையோடு உரிந்து வந்தது. மூச்சுமுட்டிச் செத்திருக்கின்றன. பாக்டீரியாவைத் தாங்கினாலும் அது தக்காளி வேர்தானே, தேங்கிய தண்ணீரை அதனால் தாங்க முடியாது. மேட்டுப் பாதியில் இருந்த ஹவாய் செடிகள் அத்தனையும் காய்த்தன, அவைதான் எல்லாவற்றிலும் நன்றாகவும் காய்த்தன.

இஜி 203 வேரில் நின்ற 18-இல் ஒன்றே ஒன்று செத்தது. அதைத் தோண்டிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. நடும்போது அந்தச் செடியை ஆழமாக வைத்திருக்கிறேன், பிறகு மண் அணைத்தபோது ஒட்டுமுகம் முழுவதும் புதைந்திருக்கிறது. தக்காளித் தண்டு மண்ணைத் தொட்டதும் தன் வேரைவிட்டது. பாக்டீரியா அந்த வேர் வழியாக நேராக மேலே போய்விட்டது. கீழே கத்தரி வேர் வெள்ளை வெளேரென்று நலமாக இருந்தது. தக்காளி நாற்றை ஆழமாக நட்டால் கூடுதல் வேர் விடும் என்று காலங்காலமாகப் பழகிய கைக்கு இது பெரிய மாற்றம். ஒட்டுச்செடியில் ஒட்டுமுகம் மண்ணுக்கு நான்கு விரல் மேலே நிற்க வேண்டும், தொங்கும் கிளைகூட மண்ணைத் தொடக் கூடாது, குச்சி நட்டுக் கட்டியே ஆக வேண்டும்.

கத்தரி வேருக்கும் விலை உண்டு. முதல் பழம் ஒன்பது நாள் தாமதம். செடியின் வளர்த்தி சற்று மட்டு, பழம் சற்றுச் சிறிது. மழை ஓய்ந்து வெயில் ஏறியபோது காய்களின் அடி கறுத்தது மற்ற வேர்களைவிட இதில்தான் அதிகம். சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடுதான் காய்க்குப் போகிறது. கத்தரி வேர் தக்காளிக்கு வேண்டிய வேகத்தில் அதை மேலே ஏற்றவில்லை என்றுதான் புரிந்துகொள்கிறேன். பாசனத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதிலிருந்து தினமும் கொஞ்சம் என்று மாற்றிய பிறகு குறைந்தது. தண்ணீர் தேங்காத மேட்டு நிலம் மட்டும் என்னிடம் இருந்திருந்தால் கத்தரி வேரைத் தொட்டிருக்கவே மாட்டேன், ஹவாய் போதும்.

வேறொன்றையும் இங்கே பதிய வேண்டும். நோயைத் தாங்கும் வேருக்குள் பாக்டீரியா இல்லை என்று நினைக்கக் கூடாது. செடி நலமாக நிற்கும், உள்ளே கொஞ்சம் இருக்கும். பக்கத் தளிர்களை நீக்கும் கத்தி அதை அடுத்த செடிக்குச் சுமந்துபோகும். செடிக்குச் செடி ஆல்கஹாலில் துடைத்தேன். அதேபோல் தேமல் வைரஸ் எதிர்ப்பு மரபணு, அதாவது டிஎம்-2, டிஎம்-2ஏ போன்றவை, வேர்ச்செடியிலும் ஒட்டுத்தண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாவிட்டால், வைரஸ் வந்த அன்று ஒரு பாதி மறு பாதியைப் பகையாக்கிச் செடியே சாய்ந்துவிடும். விதைப் பொட்டலத்தில் இந்தக் குறியீடுகள் இருந்தால் படித்துவிட்டு வாங்குங்கள்.

மிளகாயையும் குடைமிளகாயையும் இந்த வேர்களில் கட்டிப் பார்க்கும் ஆசை எனக்கும் இருந்தது. இஜி 203-இல் ஆறு, ஹவாயில் ஆறு கட்டினேன். கூடாரத்துக்குள் பச்சையாகவே இருந்தவை, வெளியே எடுத்த நான்கே நாளில் உதிர்ந்தன. கிளிப்பைக் கழற்றினால் இரண்டு முகங்களும் தனித்தனியாகப் பிரிந்து வந்தன. ஒரே குடும்பம் என்றாலும் மிளகாய்க்கு மிளகாய் வேர்தான் பொருந்தும். வேரழுகல் நோய்க்கு ஈடுகொடுக்கும் சிஎம் 334 போன்ற மிளகாய் வகைகளை அந்த வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.

ஊமத்தையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில் ஒரே சொல்: வேண்டாம். அது எந்த மண்ணிலும் வளரும், தக்காளி அதன்மேல் அழகாக ஒட்டும், காயும் வரும். ஆனால் ஊமத்தையின் நஞ்சு வேரில் உற்பத்தியாகி நீரோடு மேலே ஏறுகிறது. மேலே நிற்பது தக்காளியாக இருந்தாலும் நஞ்சு பழத்துக்குப் போய்ச் சேரும். அப்படிக் கட்டிய செடியின் பழத்தைத் தின்றவர்கள் நஞ்சேறி மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். புகையிலை வேரில் கட்டிய தக்காளியின் இலைகளில் நிக்கோட்டின் சேர்வதை 1940களிலேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள். குழந்தைகள் பறித்துத் தின்னும் பழம் இது. ஆர்வத்துக்காகக்கூடக் கட்டாதீர்கள், கட்டுபவரைக் கண்டால் தடுத்துவிடுங்கள்.

அடுத்த பருவத்துக்கான சுண்டை விதை நேற்று மாலை ஊறப்போட்டேன். இந்த முறை அத்தனையும் கத்தரிக்கு. 29-ஆம் நாள் இஜி 203, தாழ்ந்த பாதிக்கு. 35-ஆம் நாள் ஹவாய் 7996-உம் முதல் தவணைத் தக்காளியும், மேட்டுப் பாதிக்கு. கண்ணாடிக் குவளையும் கறுப்புத் துணியும் கொட்டகை அலமாரியில், கைக்கு எட்டும் தட்டில் இருக்கின்றன.